நெடுநடை

மாஸ்டர் எங்கே என்று அந்தத் தெருவில் கேட்டால் தையல்கடையையும் காட்ட மாட்டார்கள், டீக்கடையையும் காட்ட மாட்டார்கள். இரும்புக் கடைக்கு மேலே மாடியில் இருக்கும் ஜிம்மைத்தான் காட்டுவார்கள். அங்கே தொங்குபட்டைப் பயிற்சி கொடுப்பவள் அவள். நாற்பத்திரண்டு வயது. கட்டையான உருவம், கணீரென்ற குரல். ஆள் படியேறி வரும் சத்தத்தை வைத்தே எந்த முழங்காலில் வலி என்று சொல்லிவிடுவாள்.

கூரையின் குறுக்கே ஓடும் இரும்பு உத்தரத்தில் ஆறு ஜோடி கறுப்புப் பட்டைகள் தொங்கும். நுனியில் ஒரு கைப்பிடி, அதற்குக் கீழே கால் நுழைக்க ஒரு வளையம், அவ்வளவுதான். பாரம் என்று தனியாக எதுவும் கிடையாது. அவரவர் உடம்புதான் பாரம். பட்டையைப் பிடித்து மல்லாக்கச் சாய்ந்து நெஞ்சைக் கைக்கு இழுக்க வேண்டும். காலை ஒரு அடி முன்னால் வைத்தால் உடம்பு இன்னும் சாயும், பாரம் ஏறும். முடியவில்லை என்று யாராவது முனகினால் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "இன்னும் ரெண்டே ரெண்டு" என்பாள். அந்த ரெண்டு எப்போதும் ஐந்தாக முடியும்.

அவள் புருஷன் மேளக்காரர். இரண்டு முகம் உள்ள மேளம், பதினான்கு கிலோ. கழுத்தில் மாட்டிக்கொண்டு வலது முகத்தைக் குச்சியாலும் இடது முகத்தை உள்ளங்கையாலும் வாசிப்பார். அவருடைய அண்ணன் குழல் ஊதுபவர். மனைவி போன பிறகு மூத்தவர் தம்பி வீட்டு முன்னறையிலேயே தங்கிவிட்டார். மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வாடகை வீடு. பிள்ளைகள் இல்லை. முன்னறையில் மேளம் ஒரு கட்டிலையும் மூத்தவர் ஒரு கட்டிலையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் தம்பி இருவரிடமும் நெடுநடை என்று ஒரு வாசிப்பு இருந்தது. ஐம்பது நிமிஷம். நடுவில் நிற்கக் கூடாது. மெதுவாக நடக்கிற நடையில் தொடங்கி, காலம் காலமாக நான்கு முறை வேகம் ஏறி, மறுபடி நடைக்கே வந்து இறங்கும். துண்டு துண்டாகப் பல பேர் வாசித்தார்கள். முழுசாக வாசித்தது இவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் கூப்பிடுகிறவர்களோ, "பத்து நிமிஷம் போதுங்க, அப்புறம் பாட்டு போடணும்" என்றார்கள். மூத்தவருக்கு அது பொறுக்கவில்லை. இசைக் காப்பகம் ஒன்றுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். தபால்காரரே, "என்ன பெரியவரே, பொண்ணு கேட்டு எழுதுறீங்களா?" என்று கிண்டல் பண்ணும் அளவுக்கு எழுதினார். கடைசியில் பதில் வந்துவிட்டது. மூன்று மாதத்தில் ஆள் அனுப்பி நெடுநடையை முழுசாகப் பதிவு செய்துகொள்கிறோம் என்று.

அன்றைக்கே இருவரும் உட்கார்ந்து பழக ஆரம்பித்தார்கள். அந்த வாரத்தில்தான் குச்சி முதன்முதலாகக் கீழே விழுந்தது.

"கை வேர்த்துடுச்சு" என்றார் மேளக்காரர்.

அடுத்த நாளும் விழுந்தது. அதற்கடுத்த நாள் குச்சியின் பிடியில் துணி சுற்றிக்கொண்டார். சட்டைப் பொத்தானைப் போடத் திணறியதையும், சோற்றுத் தட்டை இடது கையால் தூக்கியதையும் அவள் பார்த்தாள். ஒருநாள் டீ டம்ளரை அவர் வாங்கும்போது கையைப் பிடித்துத் திருப்பினாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மேடாக இருக்க வேண்டிய சதை உள்வாங்கிக் குழியாகக் கிடந்தது.

"ஏங்க, இது என்ன இப்படி வத்திப்போச்சு?"

"வயசாகுதுல்ல, மாஸ்டர்."

"நாப்பத்தெட்டு ஒரு வயசா? ஆறு மாசமா சரியா வாசிக்கலை, அதான். உபயோகிக்காத சதை கரையும். நாளைலேர்ந்து விடியக்காலம் என்கூட வாங்க."

"என்னையும் தொங்க விடப்போறியா? ஊரே சிரிக்கும், பொண்டாட்டி புருஷனைக் கட்டித் தொங்கவிட்டு அடிக்கிறான்னு."

"அடிச்சாத்தான் நீங்க அடிப்பீங்க. வாங்க."

ஜிம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இருவரும் போனார்கள். மழைக்காலம் தொடங்கியிருந்தது. தகரக் கூரையில் மழை இரைந்தால் உள்ளே பேசுவது கேட்காது. அவள் கையைக் காட்டியே சொல்லிக் கொடுத்தாள். முதல் வாரம் நேராக நின்று லேசாகச் சாய்ந்து இழுத்தார். இரண்டாம் வாரம் காலை முன்னால் வைக்கச் சொன்னாள். எண்ணிக்கை பத்திலிருந்து பதினைந்துக்குப் போனது. இடது தோள் திரண்டது. முதுகு விரிந்தது. அவளுக்குச் சந்தோஷம். வலது கை மட்டும் நடுங்குவதைப் பார்த்தாள். நடுங்கினால் வேலை செய்கிறது என்று அர்த்தம்; எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லுவாள். தோலுக்கு அடியில் சதை தன்னால் துள்ளியது, புழு நெளிகிற மாதிரி. அதையும் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"வலியே இல்லை. அதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"வலி இல்லைன்னா என்ன, இன்னும் ரெண்டு போடுங்க."

ஆறாவது வாரம் ஒருநாள், பட்டையைப் பிடித்துக் குப்புறச் சாய்ந்து தள்ளும் பயிற்சி. உடம்பு தரையை நோக்கி இறங்க வேண்டும், கைகள் தாங்கித் திரும்ப ஏற்ற வேண்டும். ஒன்பது முறை ஆகிவிட்டது. "ரெண்டே ரெண்டுங்க" என்றாள். பத்தாவதில் இறங்கினார். வலது கைப்பிடி கையிலிருந்து நழுவியது. அவர் விட்டுவிடவில்லை, கைதான் அவரை விட்டது. முகம் தரையில் மோதியது. மோவாய் பிளந்து ரப்பர் விரிப்பெல்லாம் ரத்தம்.

தையல் போட்ட டாக்டர், கையைப் பார்த்துவிட்டு வேறொரு டாக்டரிடம் அனுப்பினார். நரம்பு டாக்டர் அந்தம்மா ஊசி குத்தி, மின்சாரம் வைத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, மேளக்காரரை வெளியே அனுப்பாமல் இருவரையும் உட்கார வைத்தே சொன்னார். சதையில் குறையில்லை, சதைக்கு உத்தரவு போடும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. கையில் தொடங்கியிருக்கிறது. காலுக்குப் போகும், நாக்குக்குப் போகும், மூச்சுக்கும் போகும். கொஞ்சம் தள்ளிப்போட மருந்து உண்டு. நிறுத்த மருந்து இல்லை.

மேளக்காரர் மோவாய்த் தையலைத் தடவிக்கொண்டு, "எவ்வளவு நாள் வாசிக்கலாம்?" என்று கேட்டார்.

"வலது கையால ரொம்ப நாள் முடியாது."

எழுந்திருக்கும்போதுதான் அவள் கேட்டாள். "டாக்டர், நான் இவருக்கு ஆறு வாரமாப் பட்டைப் பயிற்சி கொடுத்தேன். முடியலைன்னு நின்னப்பவும் விடலை. நான்தான் கெடுத்தேனா?"

டாக்டர் பேனாவை மூடினார். "நோய் உங்களால வரலம்மா. அதை நல்லா மனசுல வாங்கிக்கங்க. லேசாச் செஞ்சிருந்தா ஒண்ணும் தப்பில்லை. ஆனா களைச்சுப்போன தசையை மேல மேல இழுத்தது நல்லது பண்ணியிருக்கும்னும் என்னால சொல்ல முடியாது."

பஸ்ஸில் வரும்போது அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். மழைச்சாரல் உள்ளே அடித்தது. கண்ணாடியை இறக்க வலது கையைத் தூக்கினார், முடியவில்லை, இடது கையால் இறக்கினார்.

"அந்தம்மா சொன்னதை மண்டைக்குள்ள போட்டு உருட்டாதே" என்றார்.

"நான் பார்த்தேங்க. குழி விழுந்ததைப் பார்த்தேன். சதை துடிச்சதைப் பார்த்தேன். ஊர்ல இருக்கிறவங்க உடம்பையெல்லாம் பார்க்கிறவ..."

"பார்த்த. நல்லது பண்ணணும்னுதான் பார்த்த. விடு."

விட முடியவில்லை. மறுநாள் வேலைக்குப் போனாள், போகாமல் முடியாது. பேங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் எட்டு இழுத்துவிட்டுப் பட்டையைப் பிடித்தபடி அவளையே பார்த்தாள், வழக்கமான ரெண்டே ரெண்டுக்காக. அவளுக்கு வாய் வரவில்லை. "போதும்" என்றாள். "உடம்பு சரியில்லையா மாஸ்டர்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

வீட்டில் மூத்தவர் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். தம்பியின் நோயைப் பற்றிப் பேசாமல் பதிவைப் பற்றியே பேசினார்.

"அம்மா, அந்த வடக்குத் தெரு மேளக்காரனைக் கூப்பிட்டு உட்கார வச்சா என்ன? முதல் ரெண்டு காலம் அவனுக்குத் தெரியும்."

"உங்க தம்பிகிட்ட கேளுங்க அத்தான்."

"அவன்கிட்ட எப்படிம்மா கேக்கிறது?"

"கேக்கவே வேணாம், இங்கதானே இருக்கேன்" என்றார் மேளக்காரர் உள்ளறையிலிருந்து. "நான் வாசிக்கிறேன். பதிவுத் தேதியை மட்டும் முன்னாடி தள்ளச் சொல்லு. கை எனக்காகக் காத்திருக்காது."

காப்பகத்துக்கு எழுதித் தேதியை முன்னால் கொண்டுவந்தார்கள். அதற்குள் மேளத்தைக் கழுத்தில் மாட்டினால் தலை முன்னால் தொங்க ஆரம்பித்திருந்தது. வலது கையைத் தூக்கிப் பிடித்தால் அரை நிமிஷம் நிற்கும். ஆனால் தூக்கிப் பிடிக்கிற வேலையை வேறொன்று செய்தால், மணிக்கட்டால் இன்னமும் தட்ட முடிந்தது. ஒருநாள் சமையல்கட்டில் அவர் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திப் பிடித்துக்கொண்டு மருந்து தடவும்போது அவள் அதைக் கண்டுகொண்டாள். அவருடைய விரல்கள் அவள் கையின் மேலேயே நடையைத் தட்டிக்கொண்டிருந்தன.

"அத்தான்" என்று கூப்பிட்டாள். "பதிவை எங்க ஜிம்ல வச்சுக்கலாம்."

ஜிம் விடுமுறை நாளில் காப்பகத்துக்காரம்மா இரண்டு பெட்டிகளோடு படியேறி வந்தாள். ஒல்லியான ஆள், கழுத்தில் ஹெட்போன். முதலில் கூரையைப் பார்த்தாள், பிறகு சுவரெல்லாம் கண்ணாடியாக இருப்பதைப் பார்த்து, "எதிரொலிக்குமே" என்று தயங்கினாள். கண்ணாடிகளை ஏற்கெனவே வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையாலும் படுக்கை விரிப்பாலும் மூடியிருந்தார்கள். தரையில் ரப்பர் விரிப்பு இருந்ததால் அவளுக்குக் கொஞ்சம் திருப்தி.

நடுவில் ஒரு பெஞ்சு. உத்தரத்திலிருந்து இரண்டு பட்டைகளில் மேளத்தைத் தொங்கவிட்டிருந்தாள் மாஸ்டர். அடித்தால் ஊஞ்சலாடாமல் இருக்கக் கீழே, இரும்புக் கடையில் இரவல் வாங்கிய இருபது கிலோ இரும்பு இரண்டோடு கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருந்தாள். இன்னொரு பட்டையின் கால் வளையத்துக்குள் பழைய துண்டை மடித்து வைத்து, அதில் மேளக்காரரின் வலது முழங்கையைப் படுக்க வைத்தாள். குச்சியை விரல்களோடு சேர்த்துத் துணியால் கட்டினாள். பட்டையின் உயரத்தை ஒரு விரல்கடை ஏற்றினாள், அரை விரல்கடை இறக்கினாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

அவர் மணிக்கட்டை ஆட்டி ஒரு தட்டு தட்டினார். கூடம் அதிர்ந்தது. "தூக்கணும்னு ஞாபகமே இல்லை" என்றார்.

ஹெட்போனைப் போட்டுப் பார்த்த காப்பகத்துக்காரம்மா, "ஏதோ க்ளிக் க்ளிக்னு கேக்குது" என்றாள். பட்டையின் இரும்புக் கொக்கி. மாஸ்டர் தன் காலுறையைக் கழற்றிக் கொக்கியில் சுற்றினாள்.

மூத்தவர் கண்ணை மூடிக் குழலை எடுத்தார். நெடுநடை தொடங்கியது.

இருபது வருஷமாக அதை அவள் காது கேட்டிருக்கிறது, சமைத்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும். உட்கார்ந்து கேட்டதில்லை. முதல் காலம் ஒரு ஆள் சுமையோடு நடப்பது போல இருந்தது. இரண்டாம் காலத்தில் சுமை பழகிவிட்டது. மூன்றாவதில் குழல் கேட்பதற்கு மேளம் பதில் சொன்னது. சில இடங்களில் கேட்பதற்கு முன்பே சொன்னது. அவள் மட்டும் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பதாவது நிமிஷத்தில் பட்டையின் ஆட்டம் குறைந்தது. அவர் உதட்டைக் கடித்திருந்தார். முப்பத்தொன்பதாவது நிமிஷத்தில் வலது கை நின்றது. முழங்கை வளையத்துக்குள் கிடக்க, கட்டின குச்சி தோல்முகத்தின் மேல் சாய்ந்து கிடந்தது.

மூத்தவர் கண் திறக்காமல் ஊதிக்கொண்டிருந்தார். வலது பக்கம் வெறுமையாகத் தாளம் இரண்டு சுற்று போனது. மேளக்காரர் ஒருமுறை மனைவியைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"தீம்... தக தீம்..."

இடது உள்ளங்கை அதன் பாட்டுக்கு வாசிக்க, வலது கை அடிக்க வேண்டிய அடியையெல்லாம் வாயால் சொன்னார். மூத்தவர் கண் திறந்தது. குழல் ஒரு இழை நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. நான்காம் காலத்தில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடின. மூச்சு வாங்க இடமில்லாத இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். பதினோரு நிமிஷம். நடைக்குத் திரும்பும்போது தொண்டை கம்மிவிட்டது. கடைசி "தீம்" காற்றாகத்தான் வந்தது.

காப்பகத்துக்காரம்மா ஹெட்போனைக் கழற்றினாள். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. வேற யாரையாவது வச்சு அந்தப் பதினோரு நிமிஷத்தை வாசிச்சுக் கம்ப்யூட்டர்ல ஒட்டிடலாம். கேக்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

"அதுதான் சரி" என்றார் மூத்தவர் அவசரமாக.

"வேணாம்" என்றார் மேளக்காரர்.

"டேய், முழுசா வேணும்னுதானேடா இத்தனை வருஷம்..."

"முழுசாத்தானே இருக்கு? எந்த அடி விட்டுப்போச்சு, சொல்லு. கை போன இடம் தெரியட்டும்."

மூத்தவர் அதற்குப் பிறகு இரண்டு வாரம் தம்பியோடு பேசவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "உன் புருஷனுக்கு உப்பு வேணுமான்னு கேளும்மா" என்பார். அரைகுறையாக ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டதே என்று சமையல்கட்டு வாசலில் வந்து அவளிடம் அழுதார். சொன்ன அடியும் அடித்த அடியும் ஒன்றா என்று கேட்டார். அவளுக்கு என்ன தெரியும்? மூன்றாவது வாரம் மேளக்காரர் குளியலறையில் விழுந்தார். தூக்க ஓடி வந்தவர் அண்ணன்தான். அதோடு அந்தச் சண்டை போன இடம் தெரியவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்குள் டாக்டர் சொன்னதெல்லாம் வரிசையாக நடந்தது. கால் போனது. பேச்சு குழறியபோது போனில் பேசிய பழைய ஆட்கள் அவர் குடித்திருப்பதாக நினைத்தார்கள். அப்புறம் பேச்சே போனது. தண்ணீர் புரையேறியது, எல்லாவற்றையும் கூழாக்கிக் கரண்டியால் கொடுத்தாள். கண்ணும் காதும் புத்தியும் மட்டும் அப்படியே இருந்தன. இடது கட்டைவிரல் கொஞ்சம் அசைந்தது. ஒரு அட்டையில் உயிரெழுத்தை ஒரு வரிசையாகவும் மெய்யெழுத்தை இன்னொரு வரிசையாகவும் எழுதிக் கட்டிலோரம் மாட்டினாள். அவள் விரலை நகர்த்திக்கொண்டே போவாள். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணை மூடித் திறப்பார். தண்ணீர் என்று சொல்லி முடிப்பதற்குள் தாகமே போய்விடும்.

அப்படி ஒரு நாள் மத்தியானம், மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தபோது, காப்பகத்திலிருந்து பதிவு வந்து சேர்ந்தது. மூத்தவர் ஈரத் தலையைக்கூடத் துவட்டாமல் ஸ்பீக்கரைக் கட்டிலருகே வைத்தார். ஐம்பது நிமிஷம் யாரும் அசையவில்லை. புருஷனுடைய குரலை ஐந்து மாதம் கழித்து அவள் கேட்டாள். முகத்தைத் துடைக்கக் கை வரவில்லை.

முடிந்ததும் திரும்பினால் மேளக்காரரின் கண்கள் அட்டையிலேயே குத்திட்டு நின்றன. கட்டைவிரல் துடித்தது. அவள் ஓடிப் போய் விரலை வைத்தாள். த். அ. ப். மறுபடி ப். உ.

"தப்பா?" என்றாள். "என்ன தப்பு? யார் பண்ணின தப்பு?"

ந். ஆ. ன்.

மூத்தவர் எழுந்து வந்தார். "ஒரு தப்பும் இல்லைடா. நான்தானே கூட ஊதினேன்? எனக்குத் தெரியாம எங்கடா தப்பு?"

கண் மூடித் திறந்தது. இருக்கிறது என்று.

வாயால் சொன்ன பதினோரு நிமிஷத்தையும் மறுபடி போட்டார்கள். அவர் கண்ணை மூடும் இடத்தில் நிறுத்துவது. ஆனால் அவர் இமை மூடுவதற்குள் வேகமான சொற்கள் பத்து ஓடிவிடும். பின்னால் போய், முன்னால் வந்து, பாதியாகப் பாதியாக வெட்டித் தேடினார்கள். விளக்கைப் போட வேண்டிய அளவுக்கு வானம் இருட்டியது. சாயங்கால வகுப்புக்கு வர முடியாது என்று ஜிம்முக்குச் சொல்லிவிட்டாள்.

"யாருக்கும்மா தெரியப்போகுது?" என்றார் மூத்தவர் களைத்துப்போய். "கேக்கிறவன் எவனுக்கும் தெரியாது. எனக்கே தெரியலை."

"அவருக்குத் தெரியுதே அத்தான்."

மூத்தவர் மறுபடி போட்டார். நாற்பத்து நாலாவது நிமிஷத்தில், குழல் இழுத்து நிறுத்துகிற ஒரு இடம். "தீம் தீம்" என்றது குரல். மேளக்காரரின் கண் மூடியது. இன்னும் ஒருமுறை போட்டார்கள். மூடியது. மூத்தவர் குழலின் வரியைத் தனக்குள் முனகிக்கொண்டே கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிப் பார்த்தார். இரண்டு. இல்லை. மறுபடி முனகினார். மூன்று தட்டினார்.

"மூணு" என்றார். "மூணு வரணும். ரெண்டு சொல்லிட்டான். அடுத்ததை நீட்டிச் சரிக்கட்டியிருக்கான் பாரு. இத்தனை நாள் எனக்குப் புரியலையே."

காப்பகத்துக்கு எழுத அவள் காகிதம் எடுத்தாள். நாற்பத்து நாலாவது நிமிஷத்தில் இரண்டு அடி என்று சொல்லியிருப்பது தவறு, மூன்று என்று கொள்ளவும், வாசித்தவரே திருத்தியது என்று எழுதினாள். படித்துக் காட்டினாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். மூத்தவர் நாற்காலியில் சாய்ந்து துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

கூழ் கலக்கலாம் என்று அவள் எழுந்தாள். மேளக்காரரின் பார்வை அவளை விடவில்லை. அட்டைக்குப் போய், அவளிடம் வந்து, மறுபடி அட்டைக்குப் போனது. திரும்ப உட்கார்ந்து விரலை வைத்தாள்.

இ. ன். ன்.

முழுசாக வருவதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. "இன்னொண்ணா?" என்றாள்.

கண் மூடித் திறந்தது.

மூத்தவர் துண்டை எடுத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. பிறகு நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, ஸ்பீக்கரின் பொத்தானில் விரலை வைத்தார்.

"எங்கடா?" என்றார்.